பேச்சியம்மாளின் நாலு ரிப்போர்ட்

ரத்தம் பார்க்கிற தொழிலில் ஊசி குத்துவது ஒரு வேலையே இல்லை; காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, வாங்கினவர் முகத்தைப் பார்க்காமல் இருக்கிறதுதான் வேலை.

இராஜபாளையத்தில் ஒரு லேப்பில் பதினாலு வருஷமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. பேர் சண்முகத்தாய், வருகிறவர்களுக்கெல்லாம் தாயக்கா. டோக்கன் கூப்பிடுவது, டியூபில் பேர் எழுதி ஒட்டுவது, ரிப்போர்ட் கொடுப்பது என் பாடு. ஊசி குத்துவது ஜெயந்தி. முப்பது வயதுக்காரி, இந்தத் தொழிலுக்கென்றே படித்தவள். எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுகிறவர் லேப் சார். எனக்கு வேலை கொடுத்த அன்றைக்கு அவர் ரெண்டே சட்டம் சொன்னார். ஒன்று, ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் சொல்லக் கூடாது, அது டாக்டர் வேலை. ரெண்டு, டியூபில் பேர் மாறினால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

முதல் சட்டத்தை நான் ஒரு நாள்கூடக் காப்பாற்றியதில்லை. ரெண்டாவதை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேன். அப்புறம் எனக்கு ஐம்பத்தொன்று நடந்தது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்போதே முதுகு நனைந்துபோகும். தூக்கம் பாதியில் எழுந்து எங்கேயோ போய்விடும். ஒரு நாள் எதிரில் இருந்த பெண் தன் பேரைச் சொன்னாள். நான் டியூபில் பேனாவை வைத்தேன். பேர் போயிருந்தது. மறுபடி கேட்டேன், சொன்னாள், மறுபடியும் போயிருந்தது. மூன்றாம் தடவை கேட்டபோது அவள் என்னை விட்டுவிட்டு ஜெயந்தியைப் பார்த்தாள். சரி, மூளை போய்விட்டது, என்றைக்காவது ஒரு டியூபில் பேர் மாறப் போகிறது, வேலையும் போகப் போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பயத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் அந்த வருஷம் முழுக்க மற்றவர்கள் காகிதத்தை மடித்துக் கொடுத்தேன். இதை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே படிக்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உட்காருங்கள். ஃபேனை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

மூணாம் நாள்

ஹார்மோன் பார்க்கிற சீட்டில் சில டாக்டர்கள் 'தீட்டு வந்த மூன்றாம் நாள்' என்று எழுதி அனுப்புவார்கள். மாசாமாசம் ஒழுங்காக வருகிறவர்களுக்கு அது சரி. தேவதானத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பத்தெட்டு வயது, நெல்லும் தென்னையும் பார்க்கிற வீடு. அவர் நீட்டிய சீட்டு எட்டு மாசத்துக்கு முந்தினது, மடிப்பெல்லாம் கிழிந்து நாலு துண்டாக இருந்தது. ஐப்பசியில் கொடுத்ததாம். அதுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறது, அது அறுப்பு நேரம், அன்றைக்கு வர முடியவில்லை. அதோடு நின்றுபோனது. இவரும் சீட்டை அரிசிப் பானைக்குள் பத்திரமாகப் போட்டுவிட்டு, மூன்றாம் நாளுக்காகக் காத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"வராதவங்களுக்கு எல்லா நாளும் ஒண்ணுதாம்மா, கையை நீட்டுங்க" என்றாள் ஜெயந்தி. அவர் நீட்டவில்லை. நாள் தப்பி எடுத்தால் ரத்தம் தப்பாகக் காட்டும், டாக்டர் ஏசுவார் என்று பயம். கடைசியில் டியூபிலேயே 'மூன்றாம் நாள் இல்லை' என்று நான் எழுதி ஒட்டின பிறகுதான் கையைக் கொடுத்தார். பஞ்சை அமுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் மூணாம் நாளுக்குக் காத்துக் கெடந்த நேரத்துல, எங்க பேத்தி சடங்காகி, அவளுக்கே மூணாம் நாள் முடிஞ்சு தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு தாயி."

அறுபதாம் நம்பர்

கோமதி பேண்டேஜ் துணி மடிக்கிற யூனிட்டில் வேலை பார்க்கிறவள். வீட்டுக்காரர் வேலுச்சாமி ஒரு நூல் மில்லில் நூலைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் இருக்கிறார். கோமதிக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகத் தீட்டு இல்லை. ரிப்போர்ட்டை அவர்தான் முதலில் வாங்கினார். எஃப்.எஸ்.ஹெச். அறுபத்திரண்டு. அந்த ஹார்மோனை, 'முட்டையை வெளியே விடு' என்று மூளை சினைப்பைக்கு அடிக்கிற மணி என்று ஜெயந்தி எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உள்ளே ஆள் கதவைத் திறக்கவில்லையென்றால் மணிச் சத்தம் கூடிக்கொண்டே போகும். அறுபத்திரண்டு என்றால் கதவைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

வேலுச்சாமிக்கு அந்த மணியெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது நூல். நூலில் நம்பர் ஏற ஏற இழை மெலிசு, சரக்கு உசத்தி. அவர் முகம் மலர்ந்துபோனது. "அறுபத்திரண்டா? எங்க மில்லுல நாப்பதைத் தாண்டி ஓட்டுறதுக்கே நாக்குத் தள்ளும்" என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை டோக்கனுக்குக் காத்திருந்த ரெண்டு பேரிடம் காட்டினார். அவர்களும் மில்காரர்கள். மரியாதையோடு தலையை ஆட்டினார்கள். நான் முதல் சட்டத்தை மீறலாம் என்று வாயைத் திறந்தேன். கோமதி கவுண்டர் மேலே குனிந்து என் கையைப் பிடித்து அமுக்கினாள்: "கல்யாணமாகி முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் இவிய என்னைய நல்ல சரக்குன்னு சொல்லியிருக்காக. அர்த்தம் சொல்லிக் கெடுத்துப்புடாதீகக்கா."

ஃபேன் யாருக்கு

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வீடுகள் நிறைய. அதில் ஒரு வீட்டிலிருந்து ரெண்டு ஓரகத்திகள் சேர்ந்து வந்தார்கள், ஆனால் பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பத்தேழு, இளையவளுக்கு நாற்பத்தாறு. வழக்கு இதுதான். வீட்டில் தைக்கிற அறையில் ஃபேன் ஒன்று, தையல் மெஷின் ரெண்டு. மூத்தவளுக்கு உடம்பு கொதிக்கிறது, தைக்கிற துணியெல்லாம் அவள் வேர்வையில் நனைகிறது. இளையவளோ, "அக்கா நடிக்குது, எனக்கும் அதே வயசுதான்" என்கிறாள். மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தீட்டு நிற்கப் போகிறது என்று யார் ரத்தம் சொல்கிறதோ அவளுக்கே ஃபேன்.

ரிப்போர்ட் வந்தது. கொதிக்கிற மூத்தவளுக்கு எஃப்.எஸ்.ஹெச். ஒன்பது, கல்யாணப் பெண்ணுக்கு இருக்கிற மாதிரி. ஒரு சொட்டு வேர்க்காத இளையவளுக்கு நாற்பத்தெட்டு. இளையவள் காகிதத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தேர்தலில் ஜெயித்தவள் மாதிரி படி இறங்கினாள். அன்றைக்குச் சாயங்காலமே அவளுடைய மெஷின் ஃபேனுக்கு அடியில் போய்விட்டதாம். அங்கே உட்கார்ந்து ஜலதோஷம் பிடித்துத் தும்மினாளே தவிர, எழுந்திருக்கவில்லையாம். ஜெயித்த இடமல்லவா.

மூத்தவள் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மாவிடம் போனாள். எங்கள் லேப்புக்குப் பாதிச் சீட்டு அவரிடமிருந்துதான் வரும். மனக்குறையோடு இளையவள் காகிதத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். ரெண்டு வாரம் கழித்து வேறு எதுக்கோ லேப்புக்கு வந்தவள், வேர்வை காய்ந்த முகத்தோடு, நிம்மதியாக என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: "ரெண்டு காகிதத்தையும் மேசையில கவுத்திப் போட்டுட்டு, யாருக்கும்மா வேர்க்குதுன்னு கேட்டாக. அதைக் கேக்க எங்க மாமியாவுக்கு வீட்டுலயே வாய் இருந்துச்சேக்கா."

பேச்சியம்மாள்

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு என்ன புத்தி வந்திருக்க வேண்டும்? நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். நான் ஏறவில்லை. பக்கத்தில் மெஷின் இருக்கிறது, காகிதம் சொல்லட்டும் என்று நினைத்தேன். வயசுக் கோளாறு என்று வந்தால் சந்தோஷம். ஒன்றும் இல்லை என்று வந்தால் மூளைதான் போயிருக்கிறது. ஆனால் என் பேரில் பார்த்தால் கையெழுத்துப் போடுகிற லேப் சார் பார்ப்பார். கவுண்டரில் இருக்கிறவளுக்கு என்ன கோளாறு, எதுக்குப் பார்க்கிறாள் என்று கேட்பார். அதனால் ஒரு திங்கட்கிழமை காலையில், அவர் வருவதுக்கு முன்னால், காசைக் கட்டிவிட்டு ஜெயந்தி முன்னால் போய்க் கையை நீட்டினேன்.

"பேரு?" என்றாள்.

"பேச்சியம்மா. ஐம்பத்தொண்ணு. எங்க தெருதான். பாவம், நடக்க முடியாது."

ஜெயந்தி என் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே, "நடக்க முடியாதவங்க கையை மட்டும் கழட்டிக் குடுத்துவிட்டாங்களாக்கா?" என்றாள். அதுக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் வாரம் எஃப்.எஸ்.ஹெச். பதினெட்டு. ரிப்போர்ட்டில் நாலு வரி போட்டு நாலு அளவு இருக்கும், இந்த வயசுக்கு இது, அந்த நாளுக்கு அது என்று. பதினெட்டு எந்த வரியிலும் ஒழுங்காக உட்காரவில்லை. அடுத்த திங்கட்கிழமை மறுபடி பார்த்தேன். எழுபத்தொன்று. அந்த வாரம் முழுக்கக் கிழவி மாதிரி நடந்தேன், படியேறும்போது கைப்பிடியைப் பிடித்தேன், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆன்ட்டி என்று கூப்பிட்டதுக்குக் கோபப்படவில்லை. மூன்றாம் வாரம் ஒன்பது. அன்றைக்கு மல்லிகைப்பூ ரெண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர், எந்த வீட்டில் விசேஷம் என்று கேட்டார். அந்த ஒன்பது வந்த வாரத்தில்தான் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன், வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். நாலாம் வாரம் நாற்பத்திநாலு.

நாலையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நம்பர் ஏறின வாரத்தில் வேர்வை கூடவில்லை, இறங்கின வாரத்தில் குறையவும் இல்லை. அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. அப்போது எனக்கு ரெண்டு நோய், ஒன்று உடம்பில், இன்னொன்று காகிதத்தில். அஞ்சாவது திங்கட்கிழமை நான் கையை நீட்டினபோது ஜெயந்தி ஊசியை எடுக்கவில்லை. "அந்தப் பேச்சியம்மாவை நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. இதுக்கு மேலயும் எடுத்தா அவங்களுக்கு ரத்தசோகை வரும், அதுக்கு வேற நான் குத்தணும்."

நாய்க்குப் போனது

வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மா, பெரிய வீடு, மதில் சுவருக்குள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு இராஜபாளையம் நாய். ஆண் நாய். யாரையும் கிட்டே விடாது, அந்த அம்மா மடியில் மட்டும் தலையை வைத்துப் படுக்கும். அவருக்கு டாக்டரம்மா ஹார்மோன் மருந்தைக் களிம்பாகக் கொடுத்திருந்தார், கையில் தடவிக்கொள்கிற மாதிரி. அது உடம்பில் சேருகிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க வந்தார். ஈஸ்ட்ரோஜன் ரிப்போர்ட்டில் மெஷினால் எழுத முடியாத அளவுக்கு நம்பர். ஜெயந்தி யோசித்துப் பார்த்துவிட்டு, "காலையில எந்தக் கையில தடவுனீங்க?" என்று கேட்டாள். ஊசி குத்தின அதே கை. தோலில் இருந்த களிம்புக்குள்ளே ஊசி போய் வந்திருக்கிறது. ரத்தத்தைப் பார்த்தோம் என்று நினைத்துக்கொண்டு மருந்து டியூபைச் சோதித்திருக்கிறோம்.

சில நாள் கழித்து, தடவாத கையில் எடுத்தோம். இப்போது ஒன்றுமே இல்லை, அடி மட்டத்தில் கிடந்தது. வேர்வையும் குறையவில்லை. தினமும் விடாமல் தடவுவதாகச் சத்தியம் பண்ணுகிறார். இது என்ன மாயம் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வாரம் அந்த அம்மா வேறு ஒரு கவலையோடு வந்தார். ஆண் நாய்க்குக் காம்பெல்லாம் பருத்து, குட்டி போட்டது மாதிரி தொங்குகிறதாம். கால்நடை டாக்டர் நாயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாராவது ஹார்மோன் களிம்பு தடவுகிறீர்களா என்று கேட்டாராம். அப்போதுதான் இவருக்கு உறைத்திருக்கிறது. காலையில் தடவிவிட்டு வாசலில் உட்காருவார். நாய் வந்து பாசமாகக் கையை நக்கும். முழங்கை வரைக்கும். தினமும்.

டாக்டரம்மா, இனிமேல் தொடையில் தடவுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நாயைக் கிட்டே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. நாயைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து லேப் வாசலில் நிறுத்தி, அதுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். லேப் சார் வெளியே வந்து, இங்கே மனிதர்களுக்கு மட்டும்தான் என்று நாயைப் பார்த்துக்கொண்டே எட்டி நின்று சொன்னார். அந்த அம்மா விடவில்லை: "எனக்கு வர வேண்டியது பூராம் அதுக்குள்ளதான சார் இருக்கு. ரெண்டு பேரையும் பாத்துக் கூட்டிப் போடுங்க, கணக்கு சரியா வரும்."

லண்டன் அளவு

மகன் வீட்டுக்கு லண்டன் போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்த ஒரு டீச்சரம்மா. ஹார்மோன் மருந்தைப் பிளாஸ்திரி மாதிரி தோலில் ஒட்டிக்கொள்கிறவர். அங்கே பார்த்த ரிப்போர்ட்டில் ஈஸ்ட்ரோஜன் நானூற்றி நாலு. இங்கே எங்கள் லேப்பில் நூற்றிப்பத்து. முக்கால் பங்கு எங்கே போச்சு என்று கவுண்டரில் நின்று கேட்டார். விமானத்தில் காது அடைத்ததே, அப்போது போயிருக்குமோ என்று அவராகவே ஒரு வழியும் சொன்னார். ஜெயந்தி ரெண்டு காகிதத்தையும் வாங்கிப் பார்த்தாள். நம்பருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒன்று இருக்கும், எந்த அளவையில் அளந்தது என்று. யாரும் படிக்க மாட்டார்கள். லண்டனில் ஒரு அளவை, நம்மிடம் வேறு அளவை. "ஒரே துணியை அவங்க முழத்துல அளந்திருக்காங்க, நாங்க மீட்டர்ல அளந்திருக்கோம். துணி ஒண்ணுதான் டீச்சர், எங்க நம்பரைப் பெருக்குனா அவங்க நம்பர் வந்துரும்" என்றாள். டீச்சரம்மா ரெண்டு காகிதத்தையும் திரும்ப வாங்கி மடித்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "உன் சமையலைத் திங்கப் போய்த்தான் முக்காவாசி வத்திப் போச்சுன்னு மருமககிட்ட போன்ல சொல்லிட்டேனே, அதை எதால பெருக்கித் திரும்ப எடுக்கிறது?"

மெஷின் நின்ற நாள்

மாசக் கடைசியில் லேப் சார் பழைய ரிப்போர்ட்டுகளைத் திருப்பிப் பார்ப்பார். அன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் ஒரே பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு ஜெயந்தியைக் கூப்பிட்டார். பேச்சியம்மாள் என்று ஒரு ஆள், நாலு வாரம், பதினெட்டு, எழுபத்தொன்று, ஒன்பது, நாற்பத்திநாலு. "கூடக் குறைய வரும்னு எனக்கும் தெரியும். ஆனா இம்புட்டா? இது ஒரே ஆள் ரத்தம் இல்ல." ஹார்மோன் மெஷினை நிறுத்திவிட்டார். மதுரையிலிருந்து மெஷின் பார்க்கிறவரை வரச் சொன்னார். அவர் மத்தியானம் வந்து, மூடியைக் கழற்றி, அதுக்கென்று கொண்டுவந்த மருந்துத் தண்ணீரை விட்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, மெஷினில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மெஷின் சரியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். லேப் சார் கவுண்டருக்கு வந்தார். சத்தமாகப் பேசுகிற மனிதர் இல்லை அவர். "அக்கா, டியூபுல பேர் நீங்கதான எழுதுறீங்க?" என்றார். எனக்குக் காதிலிருந்து நெருப்புக் கிளம்பிக் கழுத்து வழியாக இறங்கியது. பேர் மாறிவிட்டது என்று ஒத்துக்கொண்டால் ரெண்டாவது சட்டப்படி வீட்டுக்குப் போக வேண்டும். மாறவில்லை என்றால் பேச்சியம்மாள் யார் என்று சொல்ல வேண்டும். பெஞ்சு நிறைய ஆள். கோமதியும் வேலுச்சாமியும்கூட ஒரு ஓரத்தில் இருந்தார்கள், தைராய்டு பார்க்க வந்தவர்கள்.

வேலுச்சாமிதான் எழுந்து வந்தார். "குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீக சார். எங்க மில்லுல ஒரே மெஷின்ல காலையில எடுத்த சாம்பிள் ஒரு மாதிரி இருக்கும், செத்த நேரங் கழிச்சு எடுத்தா வேற மாதிரி இருக்கும். பஞ்சு மாறுற நேரத்துல குதியாட்டம் போடும். அதுக்காக ஒரு சாம்பிளை வச்சு மொத்த லாட்டையும் வேண்டாம்னு தள்ள மாட்டோம், நூல் எடுக்கிற பிள்ளையைத் திட்டவும் மாட்டோம்" என்றார். அறுபத்திரண்டு என்று காகிதத்தைத் தூக்கிக் காட்டின அதே மனிதர். லேப் சார் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்து. எங்கள் லேப்பில் ஒரு தப்பு நடந்திருக்கலாம் மேடம் என்று ஆரம்பித்து நாலு நம்பரையும் வாசித்தார்.

"வயசு?" என்றது போன்.

"ஐம்பத்தொண்ணு."

"பீரியட்ஸ் எப்படி?"

லேப் சார் என்னைப் பார்த்தார். "உங்க தெருன்னு போட்டிருக்கே. தெரியுமாக்கா?" நான் யோசிக்காமல், "ரெண்டு மாசம் வரும், மூணு மாசம் வராது, வந்தா பத்து நாள் நிக்காது" என்று சொல்லிவிட்டேன். ஜெயந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்ப அது அப்படித்தான் குதிக்கும்" என்றார் டாக்டரம்மா. "நிக்கப் போற நேரத்துல சினைப்பை ஒரு வாரம் தூங்கும், ஒரு வாரம் முழிச்சு ஓடும். உங்க மெஷினும் சரி, டியூபும் சரி. அந்தம்மாவை வாராவாரம் பாக்கச் சொன்ன டாக்டர் யாரு? நாளைக்கு எங்கிட்ட வரச் சொல்லுங்க. நம்பரையெல்லாம் வீட்டுல வச்சுட்டு ஆளை மட்டும் அனுப்புங்க."

ஆள் மட்டும்

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். டாக்டரம்மா, பேச்சியம்மாள் என்று பேர் போட்டிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "பேச்சியம்மா எங்க? நீங்க லேப் கவுண்டர்ல இருக்கிறவங்கதானே?" என்றார். நான்தான் அவள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேச்சியம்மாளை அடித்துவிட்டு மேலே சண்முகத்தாய் என்று எழுதினார். தூக்கம் எப்படி, தலைவலி வருமா, அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பில் கட்டி வந்திருக்கிறதா, காலில் ரத்தம் கட்டினதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷர் பார்த்தார். பத்து நாள் நிற்காமல் போவதுக்கு ஸ்கேன் ஒன்று எடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று பார்த்துக்கொண்டார். தைராய்டும் ரத்த அளவும் ஒரு தடவை மட்டும், அதையும் சொந்தப் பேரில் பார்க்கச் சொன்னார்.

கடைசியில்தான் நான் அதைச் சொன்னேன். பேர் மறக்குது, மூளை போச்சு, வேலை போயிரும். அவர் பேனாவை வைத்துவிட்டார். "ஒரு வருஷமா தூங்காதவங்களுக்கு எந்தப் பேர் தங்கும்? மூளை எங்கயும் போகல. தூக்கம்தான் போயிருக்கு. அதைக் கொண்டுவருவோம்." அப்புறம் தடவுகிற களிம்பும், கர்ப்பப்பை இருக்கிறதால் அதோடு சேர்த்து ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் எழுதினார். மூணு மாசம் கழித்து வரச் சொன்னார். அதுக்கு முன்னால் ஹார்மோன் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன், பழக்க தோஷம். தூங்குகிறீர்களா இல்லையா என்பதை ரத்தத்திடம் ஏன் கேட்க வேண்டும், உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றார். நான் எழுந்து கதவுப் பக்கம் போனபோது பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: "வீட்டுல நாய் இருக்கா?"

முதல் மாசம் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாவது மாசத்தில் ஒரு நாள் முழித்துப் பார்த்தால் வெளியே பால்காரர் சத்தம், விடிந்திருந்தது. முதுகு காய்ந்திருந்தது. பேர்கள் மெல்லத் திரும்பி வந்தன, எல்லாமும் இல்லை, முக்கால்வாசி. மிச்சத்துக்கு நான் ரெண்டு தடவை கேட்கிறேன். ஆனால் நெஞ்சில் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. லேப் சாரிடம் சொல்லவில்லையே. சொல்லலாம் என்று ஒரு நாள் அவர் மேசை முன்னால் போய் நின்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேச்சியம்மாவுக்கு இப்ப தூக்கம் வருதா?" என்று கேட்டார்.

கையிலிருந்த பேனாவை அவர் மேசையில் வைத்தேன். "வருது சார். ஆனா பேரு இன்னும் சமயத்துல மறக்குது."

"மறந்தா மூணு தடவை இல்ல, முப்பது தடவை கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றார். "கேக்காம எழுதுறவங்கதான் வீட்டுக்குப் போகணும்."

இப்போது எனக்கு ஐம்பத்திரண்டு முடியப் போகிறது, ஆனால் எங்கள் லேப் கம்ப்யூட்டரில் பேச்சியம்மாளுக்கு இன்னும் ஐம்பத்தொன்றுதான், எங்கள் ஊரில் நாலு தடவை ஹார்மோன் பார்த்தும் ஒரு தடவைகூட வேர்க்காத ஒரே பொம்பளை அவள்தான்.